தொட்டுவிட்டுப் போ

காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்துகிறேன். வாளியைக் கயிற்றில் இறக்கி ஆற்று நீர் மொண்டு முகம் கழுவுகிறேன். அடுப்பை மூட்டி சாகோப் பனைமாவில் கூழ் காய்ச்சுகிறேன். இரண்டு கிண்ணத்தில் ஊற்றுகிறேன். பிறகு ஒன்றில் இருப்பதை மற்றதில் கவிழ்த்துக்கொண்டு குடிக்கிறேன். கிண்ணங்களைக் கழுவி வைத்துவிட்டுக் காவலாளியின் கோழிகளுக்குத் தவிடு போடுகிறேன். அவை அவனுடைய கோழிகள்தான். ஆனால் என்னை நம்பித்தான் இருக்கின்றன.

நீங்கள் வருவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடுகிறது. ஆகவே நிதானமாகப் பேசலாம், ஐயா. இந்த ஆற்றில் எனக்கு வேண்டாதவர்கள் அதிகம் என்பதால், புதிய அரசர் கடல் தாண்டி உங்களை நீதிபதியாக வரவழைத்திருக்கிறார். தீர்ப்பு பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். அவரைக் கொல்ல முயன்றபோதும் பிடித்தது.

என்மேல் நான்கு குற்றங்கள். மந்திர மூடுபனியை ஏவி ஆற்றை மறித்தது. போலி இளவரசனை உருவாக்கியது. நாகத்தின் பித்தத்தை உணவில் கலந்து உண்மையான வாரிசுக்குக் கொடுத்தது. மனைவியைக் கொன்றது.

முதல் மூன்றையும் செய்தேன். மறுக்கவில்லை. அவற்றுக்காக என்ன தண்டனையானாலும் கொடுங்கள். நான்காவதை மட்டும் நீக்கிவிடுங்கள். காரணம் எளிது. எங்கள் ஆற்றில் கணவன் மனைவி எலும்புகளை ஒரே சாடியில் போட்டுக் குகையில் வைப்பார்கள். கொன்றவனின் எலும்பு கொல்லப்பட்டவளின் சாடிக்குள் போக முடியாது. என் மனைவி செரூனியின் சாடி இப்போது பாதி காலியாக இருக்கிறது. தலையை எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு ஆட்சேபணை இல்லை. மிச்சத்துக்குப் போக ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

இனி வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய அரசர் இறந்தபோது வாரிசு மெராங் சின்னப் பிள்ளை. மேலாற்றில், ஊரே ஒரு கூரையின் கீழ் வாழும் ஒரு நீளவீட்டில் ஒளித்து வளர்த்தார்கள். அவன் வளர்ந்து வரும்வரை அரியணையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மந்திரியான என் தந்தைக்கு இருந்தது. அவருக்குப் பிறகு எனக்கு. நான் அக்கரைக் கல்விச்சாலையில் படித்துத் திரும்பியிருந்தேன். கணக்கு, வானியல், வாதம் மூன்றிலும் தேர்ந்தவன். அரியணையை நாள்தோறும் துடைப்பது என் வேலை. துடைப்பவன் ஒருநாள் உட்கார்ந்து பார்ப்பது இயல்புதான். நாற்காலி என்றால் நாற்காலிதான், உட்கார்ந்தால் வசதியாக இருந்தது.

நான் மோசமாக ஆளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டையைத் தாங்கும் அழுகிய மரக்கால்களை மாற்றினேன். சந்தையில் மீன் எடை ஏமாற்றுவதை நிறுத்தினேன். கொடுங்கோலன் என்று பாட்டு கட்டியிருக்கிறார்களாம். அதைப் பாடுகிறவர்கள் சரியான எடையில் மீன் வாங்கித் தின்றுவிட்டுத்தான் பாடுகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல் நாகம். அரண்மனைக்கு முன்னால் ஆற்றின் ஆழத்தில் அது தூங்குகிறது. உரிமையுள்ளவர் தனியாகத் தோணியில் நடு ஆற்றுக்குப் போய்க் காத்திருந்தால், மாலை நீரேற்றத்தில் எழுந்து வந்து தோணியை முதுகில் தூக்கும். உரிமை இல்லாதவர் போனால் எழாது. நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். குறட்டை தெளிவாகக் கேட்டது.

செரூனி மேலாற்றுப் பெண். மெராங் வளர்ந்த அதே நீளவீடு. அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மேலாற்று மக்கள் என்மேல் சந்தேகப்படாமல் இருக்கவே அவளை மணந்தேன். இது அவளுக்கும் தெரியும். மணமான முதல் வாரமே கேட்டாள்.

“என்னைக் கட்டிக்கிட்டது எங்க ஆளுங்களை அமுக்கி வைக்கத்தானே?”

“ஆமா.”

“நல்லவேளை, ஒத்துக்கிட்டீங்க. அழகைப் பாத்து மயங்கிட்டேன்னு சொல்லியிருந்தா இந்த ஆள் பொய்க்காரன்னு முடிவு பண்ணியிருப்பேன்.”

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் அதிகம் இருந்தது. இதை நான் திட்டமிடவில்லை.

மெராங்குக்கு வயது வந்ததும் மேலாற்றிலிருந்து தோணிகளோடு புறப்பட்டான். ஒற்றர்கள் கொண்டுவந்த செய்தியைக் கேட்டு நான் சிரித்தேன். அவன் படை நகரவே இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நின்று நின்று வந்தான்.

நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இதைச் சொல்ல வேண்டும். இந்த ஆற்றில் யாராவது சாப்பாடு நீட்டினால் மறுத்துவிட்டுப் போகக் கூடாது. பசி இல்லையென்றால் விரல் நுனியால் தொட்டு உதட்டில் வைத்துவிட்டாவது போக வேண்டும். தொடாமல் போனவனை வழியில் பாம்பு கடிக்கும், முதலை இழுக்கும், மரம் விழும். முக்கியமாக, புறப்படுகிறவனிடம் நீட்டிய உணவு. அதை யாரும் தட்ட மாட்டார்கள். திருடன்கூட ஓடுகிற ஓட்டத்தில் நின்று தொட்டுவிட்டு ஓடுவான். நானே பார்த்திருக்கிறேன்.

மெராங் இதில் ரொம்பக் கறார். கரையில் ஒரு கிழவர் வெறும் வாழைக்கிழங்கைத் தூக்கிக் காட்டினாலும் தோணியைத் திருப்புவானாம். முழுதாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஊர்க்கதை கேட்டு, அரிசியில் வடித்த கள் குடித்து, மறுநாள்தான் கிளம்புவானாம்.

“இவன் படை நடத்துறானா, பந்தி நடத்துறானா?” என்று செரூனியிடம் சொன்னேன்.

அவள் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “சாப்பிட்ட வீடெல்லாம் அவன் பின்னால வருதாமே. அதையும் உங்க ஒற்றர் சொன்னாரா?”

சொல்லியிருந்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோற்றுக்கு வந்த கூட்டம் சண்டைக்கு நிற்காது என்று அக்கரையில் படித்திருந்தேன். அவன் சோறு போடவில்லை, அவர்கள் போட்ட சோற்றைத் தின்றான் என்பதை நான் யோசிக்கவில்லை. தன் கையால் ஒருவனுக்குச் சோறு போட்டவர் பிறகு அவனை விட்டுக்கொடுக்க மாட்டார் போலிருக்கிறது. இது பாடத்தில் இல்லை.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. சதுப்பிலிருந்து சிபாத் என்ற பனி மந்திரவாதியை வரவழைத்தேன். மெராங்கின் தோணிகள் பாறைத்திருப்பத்துக்கு வரும்போது பனியை இறக்கினால் எல்லாம் பாறையில் மோதிச் சிதறும். நல்ல திட்டம். சிபாத் எலும்பை ஆட்டினார், பிசினைப் புகைத்தார், பனி இறங்கியது. ஆற்றோடு மிதந்து வந்து எங்கள் கோட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது. பல நாள் எழவே இல்லை. என் காவல் தோணிகள் ஒன்றையொன்று முட்டின. காவல் தலைவர் எதிரியின் படகு என்று நினைத்துச் சந்தைக் கழிவறையைத் தாக்கினார்.

“மேல அனுப்பச் சொன்னா இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கீரே” என்றேன்.

சிபாத் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “அனுப்புனேனே ஐயா. பனிக்குக் காலா இருக்கு, சொன்ன எடத்துல நிக்க? காத்து தள்ளுன பக்கம் வந்துடுச்சு.”

“இந்த மாசத்துல காத்து எப்பவும் கீழ்ப்பக்கம்தானே வீசும்?”

“வீசும்.”

“அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“படிச்சவர், தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

இதில் எனக்கு உறைத்தது வேறு. பனிக்குள் நாங்கள் தவிப்பதைக் கேள்விப்பட்டு மெராங் ஆட்களிடம் தீப்பந்தமும் வறுத்த மீனும் கொடுத்தனுப்பினான். ‘கண்ணு தெரியாம கஷ்டப்படுறீங்களாமே’ என்று சொல்லச் சொன்னானாம். அவன் என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். செரூனி இல்லையென்றாள். “அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நெஜமாவே பாவம்னு நெனச்சிருப்பான்.” பிறகு மீனை எடுத்துத் தின்றாள். நானும் தொட்டு வைத்தேன். என்ன இருந்தாலும் நீட்டிய உணவு.

அப்போதுதான் அவனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். இவன் வெகுளி. வெகுளியை வீழ்த்த மந்திரம் தேவையில்லை, குழப்பம் போதும்.

கசாவ் என்று ஒரு தோணிக்காரன். நல்ல உயரம், நல்ல குரல். அவனுக்கு அரச நடை, அரசப் பேச்சு, அரசத் தும்மல் எல்லாம் பழக்கினேன். தானே உண்மையான வாரிசு, மெராங் போலி என்று அவன் மேலாற்றில் போய் அறிவிக்க வேண்டும். மக்கள் இரண்டாகப் பிரிவார்கள். பிரிந்தவர்களை நான் சேர்த்துவைப்பேன், நடுவில் நாற்காலியோடு. கசாவ் கிளம்பிப் போனான். திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பிச் செய்தி மட்டும் சொன்னான்.

“ஐயா கோவிச்சுக்கக் கூடாது. உக்காந்த உடனே எலையில சோத்தப் போட்டு, யாருப்பா நீன்னு கேட்டாங்க. வாயில சோறு இருக்கும்போது பொய் சொல்ல வரல. நான் போலிதாங்கன்னேன். பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் போட்டுக்கன்னாரு. அவருதான் மெராங்காம். இங்க பன்னிக்கறி நல்லாருக்கு.”

இந்தச் செய்தியைக் கேட்டு செரூனி அடுக்களைத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. “மந்திரியாரே, அடுத்து யாரை அனுப்பப் போறீங்க? சொன்னா இலை போட்டு வைக்கச் சொல்றேன்.”

“நீ யார் பக்கம்?” என்று கேட்டேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அவன் என் தம்பி. நீங்க என் புருஷன். ரெண்டு பேரும் உசுரோட இருக்கற பக்கம்.”

இதை உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், அவள் என்னை வெறுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். நானும் அவளை வெறுக்கவில்லை. கொலை செய்கிறவனுக்கு ஏதாவது காரணம் இருக்கும். எனக்கு அவள் விஷயத்தில் ஒரு காரணமும் இல்லை. இதை என் பக்கத்து வாதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது திட்டம் என் சொந்தத் திட்டம். அதில் மந்திரவாதி இல்லை, நடிகன் இல்லை. ஆகவே தவறாது என்று நினைத்தேன்.

நாகத்துக்கு வறண்ட காலத்தில் அஜீரணம் வரும். மஞ்சளாகப் பித்தம் கக்கும். அது நீரில் மிதக்கும்போது அரண்மனை ஆட்கள் மூங்கிலில் அள்ளி வைப்பார்கள். வீட்டுக்கால்களில் தடவினால் கறையான் வராது. எங்கள் வீட்டிலும் ஒரு பானை இருந்தது. மனிதர் வாயில் பட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்ததில்லை. நான் ஒரு பன்றிக்குக் கொடுத்தேன். காலையில் கொடுத்தது, மாலைவரை ஓடியாடிக்கொண்டிருந்தது, பிறகு படுத்தது, எழவில்லை. காலையிலிருந்து மாலைவரை. எனக்குத் தேவையான இடைவெளி அதுதான்.

மெராங்குக்குத் தூது அனுப்பினேன். சண்டை வேண்டாம், வா, அரியணையைத் தருகிறேன், நாகம் உன்னைத் தூக்கட்டும் என்றேன். அவன் வந்துவிட்டான். நம்பி வந்தான் என்று அப்போது நினைத்தேன். வழக்கப்படி காலையில் படித்துறையிலிருந்து தனியாகத் தோணியில் நடு ஆற்றுக்குப் போய் மாலை நீரேற்றம்வரை காத்திருக்க வேண்டும். புறப்படும்போது நான் உணவு நீட்டுவேன். புறப்படுகிறவன் மறுக்க முடியாது. தொட்டால் நான். தொடாமல் போனால் முதலை. மாலையில் எல்லோர் கண்ணெதிரிலும் தோணிக்குள் சரிந்து கிடப்பான். நாகம் ஏற்கவில்லை என்று ஊரே சொல்லும். என் பெயர் எங்கும் வராது.

இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். நல்ல திட்டம்தான் ஐயா.

அன்று காலை நானே சமைத்தேன். குடுவைச்செடியின் குடுவைகளைக் கழுவி, பசையரிசியும் தேங்காய்ப்பாலும் அடைத்து வேகவைத்தேன். பித்தத்தின் நிறம் தெரியாமல் இருக்க மஞ்சள் சேர்த்தேன். செரூனி எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றாள். நான் அடுக்களைக்குள் போவது அதுவே முதல்முறை.

“என்ன இது, வேலை போறதுக்கு முன்னாடியே சமையக்காரர் வேலைக்குப் பழகுறீங்களா?”

“உன் தம்பிக்கு என் கையால கொடுக்கணும்னு ஆசை.”

“ஆசைதான்” என்றாள். “உப்பு போட்டீங்களா?”

போடவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு குளிக்கப் போய்விட்டாள். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கறையான் பானையை மூட மறந்திருக்கலாம். நான் சமைத்ததே போதுமாக இருந்திருக்கலாம்.

படித்துறையில் இரண்டு கரை ஆட்களும் கூடியிருந்தார்கள். மெராங் தோணியில் ஏறித் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டான். நான் நீளவீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவனை ஒளித்துவிடுவார்கள் என்பதால் அதுவரை அவனை நேரில் பார்த்ததில்லை. சாதாரண முகம். ஒரு காதில் மட்டும் இருவாச்சிப் பறவையின் இறகு. நான் தட்டை நீட்டினேன்.

“தொட்டுட்டுப் போ, மெராங்.”

துடுப்பைக் கீழே வைத்தான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அத்தான் கையால செஞ்சதா?”

“ஆமா.”

“அப்ப அக்காதான் முதல்ல.”

இரண்டு கையாலும் தட்டை வாங்கி, அப்படியே செரூனி பக்கம் நீட்டினான்.

இங்கேதான் என் தவறு. மேலாற்றில் வயதில் மூத்த பெண் எதிரில் நின்றால் அவள் தொட்ட பிறகுதான் இளையவன் தொடுவான். அங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. செரூனியின் நீளவீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். மாப்பிள்ளை என்பதால் தட்டு எப்போதும் முதலில் என்னிடம் வந்தது. எனக்குப் பிறகு அது யாரிடம் போகிறது, எந்த வரிசையில் போகிறது என்று நான் ஒருநாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. என் முன்னால் சோறு இருந்தது.

செரூனி தட்டை வாங்கிக்கொண்டாள். என் பக்கம் ஓரடி வந்தாள். ஏதோ சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு விரலால் சோற்றைத் தொட்டு உதட்டில் வைத்தாள். பிறகு தட்டை மெராங்கிடம் திருப்பிக் கொடுப்பதுபோல் குனிந்தாள். அவன் விரல் தட்டுக்கு வருவதற்குள் தட்டை ஆற்றில் கவிழ்த்துவிட்டாள். கை தவறியது என்று நினைத்துக் கரையில் சிலர் சிரித்தார்கள். அவள் படித்துறைப் பலகையில் மெல்ல உட்கார்ந்தாள். மெராங் “அக்கா” என்று கூப்பிட்டான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பித்தம் முதலில் நாக்கைத்தான் பிடிக்கும் போலிருக்கிறது. பன்றி பேசாது என்பதால் எனக்கு அது தெரியவில்லை.

பன்றிக்கு மாலைவரை ஆனது. அவளுக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. இதைக் கவனியுங்கள் ஐயா. நான் கணக்குப் போட்டது மாலைவரை. அவள் தொட்டாலும் மாலைவரை நேரம் இருக்கிறது, அதற்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்றுதான் நின்றேன். என்ன செய்திருப்பாய் என்று நேற்றே கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

அன்று மாலை மெராங் நடு ஆற்றுக்குப் போனான். நாகம் எழுந்து தோணியைத் தூக்கியது. மீசை கோட்டைச் சுவரைவிட உயரம் என்கிறார்கள். இரண்டு கரையிலும் எல்லோரும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. நான் அவள் பக்கத்தில் இருந்தேன். ஈ வந்தது, ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என் பக்கத்து வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டை அவளிடம் நீட்டியது நான் அல்ல, மெராங். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தட்டு அவள் கையில் இருந்தது, தொடுவதற்கு முன்பே கவிழ்த்திருக்கலாம். ஏன் கவிழ்க்கவில்லை என்பது அவளைக் கேட்க வேண்டிய கேள்வி. நான் தடுத்திருக்க முடியாது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அங்கேயே என்னைத் துண்டு போட்டிருப்பார்கள். திறக்கவே முடியாத வாய் அது. எந்த நீதிமன்றமும் இதை ஏற்கும்.

முடிசூடிய பிறகு மெராங் ஒருநாள் இங்கே வந்தார். இப்போது அவரை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். கோழிகளுக்கு நடுவில், நான் உட்காரும் பலகையில் உட்கார்ந்தார். நான் கூழ் நீட்டினேன். தொட்டு உதட்டில் வைத்தார். கொஞ்சமும் தயங்கவில்லை. அதை நான் ரசித்தேன்.

“அத்தான், எனக்குச் சந்தேகம் இருந்துச்சு” என்றார். “தட்டுல ஏதோ இருக்குன்னு தோணுச்சு. அதனாலதான் அக்காகிட்ட நீட்டினேன். முறையும் அதுதான், ஆனா முறைக்காக மட்டும் நீட்டல. அதுல ஏதாச்சும் இருந்தா நீங்க தட்டிவிட்டுடுவீங்க, எல்லாம் வெளிய வந்துடும்னு கணக்குப் போட்டேன். உங்களை மாதிரி நானும் ஒரு தடவை சூழ்ச்சி பண்ணிப் பாக்கலாம்னு.”

நான் கோழிகளுக்கு ஒரு பிடி தவிடு இறைத்தேன்.

“நீங்க கையைத் தூக்குவீங்கன்னு உங்க கையையே பாத்துக்கிட்டு நின்னேன். அக்காவைப் பாக்கல.”

அழுதார். நாகத்தின் முதுகில் ஏறியவர் கோழிகள் முன்னால் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வந்த எண்ணம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். பனியில் அவர் ஜெயித்தார். கசாவிடம் ஜெயித்தார். என்னை எடை போட்டதில் மட்டும் தோற்றார். இவன் இந்த அளவுக்குப் போக மாட்டான் என்று நினைத்தார். நான் போனேன். அந்த முழுப் போரில் நான் அவரை ஏமாற்றிய ஒரே இடம் அதுதான். கொஞ்ச நேரம் எனக்கு அது வெற்றி மாதிரி இருந்தது. அவர் போன பிறகு கிண்ணம் கழுவும்போதுதான் இல்லாமல் போனது.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். “அக்கா உங்ககிட்ட என்ன சொன்னாங்க? ஒதடு அசைஞ்சது தெரிஞ்சுது. சத்தம் கேக்கல.”

அது உங்கள் கேள்வியும்தான். இத்தனை நாள் இங்கே வந்து நீங்கள் உண்மையில் கேட்பது அது ஒன்றைத்தான் என்று எனக்குத் தெரியும். மற்றதற்கெல்லாம் சாட்சி இருக்கிறது. அதற்கு நான் மட்டும்தான்.

அவரிடம், ‘பத்திரமா இருங்க’ன்னு சொன்னாள் என்றேன். குகையில் சாடி வைத்தபோது அவள் தாயாரிடமும் அதையே சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல சொல், எல்லோருக்கும் பொருந்துகிறது. உங்களிடமும் அதைச் சொன்னால் நான்காவது குற்றம் நிற்காது. எதுவும் தெரியாமல் தொட்டாள், வழக்கத்துக்காகத் தொட்டாள் என்று ஆகிவிடும். சாடியில் எனக்கு இடம் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் இப்போது அது என் குரலில்தான் கேட்கிறது. அவள் குரலில் வருவதில்லை. காலையில் கூழ் காய்ச்சும்போது அவள் குரலை வரவழைத்துப் பார்க்கிறேன். படித்துறையில் சொன்னதை அவள் சொன்னபடியே நினைத்தால் மட்டும்தான் வருகிறது. வேறெதற்கும் வருவதில்லை. அதை மாற்றி வைத்துக்கொண்டு அவள் சாடிக்குள் போனால் உள்ளே எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டைப் பிடித்துக்கொண்டு என் அருகில் வந்தாள். ஒரு கையில் தட்டு, மறு கை விரல் சோற்றுக்கு மேலே நின்றது. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வாய் திறக்கச் சொல்லவில்லை. அவள் கேட்டதைச் செய்ய ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. செய்திருந்தால் தட்டு ஆற்றோடு போயிருக்கும், மெராங் தொடாமல் புறப்பட்டிருப்பார், என் திட்டம் போயிருக்கும், நாற்காலி போயிருக்கும். வேறொன்றும் போயிருக்காது. நான் ஆற்றைப் பார்த்தேன். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். நான் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது இது:

“இதுல என்ன கலந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என்னைப் பாத்து லேசா தலையாட்டுங்க, போதும். கை தவறுன மாதிரி தட்டை ஆத்துல போட்டுடுறேன், ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் உங்களைத் திட்டிக்கிறேன்.”